இணைய வானொலி: சாவி யார் கையில்?

பேரிகையை அடுத்த சங்கமொன்றின் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் சில மாதங்களுக்கு முன்பு ஒரு யோசனை விவாதத்திற்கு வந்தது. அங்கத்தினர் நலனுக்கென ஒதுக்கிய தொகையிலிருந்து ஆறு இணைய வானொலிப் பெட்டிகளை வாங்கி, ஒன்றைச் சங்க அலுவலகத்திலும், மற்ற ஐந்தைக் காய்கறிகள் வந்து சேரும் கொட்டகைகளிலும் வைக்கலாம் என்பதே அந்த யோசனை. வானிலையும் வேளாண்மைச் செய்திகளும் அங்கத்தினர் செவிக்கு நாள்தோறும் எட்ட வேண்டுமென்ற நோக்கம் நல்லதே. எவரும் மறுத்துப் பேசவில்லை. கூட்டம் கலைந்த பின்னர், கடைசி வரிசையில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் என்னிடம் வந்தார்.

"ஐயா, அப்படியொரு பெட்டி எங்கள் வீட்டிலும் இருக்கிறது. என் கை பட்டுத்தான் அது கெட்டுப் போயிற்று. சங்கத்துப் பணமும் அப்படிப் போய்விடக் கூடாதே என்று சொல்ல வந்தேன்" என்றார்.

அவருக்கு எழுபது வயதுக்கு மேலிருக்கும். தக்காளியும் குடைமிளகாயும் பயிரிடுபவர். இளமையில் டிரான்ஸிஸ்டர் பெட்டியைத் தாமே திறந்து, அறுந்த கம்பியைப் பற்றவைத்துப் பாட வைத்தவர் என்று ஊரார் சொல்வார்கள். அத்தகையவர், ஒரு வானொலியைக் கெடுத்துவிட்டேன் என்று தலைகுனிந்து சொன்னது என் மனத்தை உறுத்திற்று. அவருடன் வீட்டிற்குச் சென்று அந்தப் பெட்டியைப் பார்த்தேன். ஓசூரில் தொழிற்சாலையொன்றில் வேலை பார்க்கும் அவருடைய மகன் வாங்கித் தந்தது. ஒரு மணி நேரம் அதனுடன் போராடிய பிறகு எனக்கு ஒன்று விளங்கிற்று. குற்றம் அந்தப் பெரியவர் கையில் இல்லை. பெட்டியின் அமைப்பில் இருந்தது. அதை அங்கத்தினர் யாவரும் அறிந்திருப்பது நலமெனக் கருதியே இதை எழுதுகிறேன்.

வானொலி நமக்குப் புதிதன்று

இந்தியாவில் வானொலி வேரூன்றிய தொடக்க இடங்களுள் சென்னையும் ஒன்று. 1924ஆம் ஆண்டில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிச் சங்கம் தோன்றி, அதே ஆண்டில் ஒலிபரப்பையும் தொடங்கிற்று. ஆர்வமுள்ளோர் ஒன்றுகூடி நடத்திய சங்கம் அது. பணமுடையால் 1927இல் அதன் ஒலிபரப்பு நின்றபோது, அதன் கருவி சென்னை நகராண்மைக் கழகத்திடம் சேர்ந்தது. கழகம் 1930இல் ஒலிபரப்பை மீண்டும் தொடங்கிற்று.

உழவருக்கும் வானொலிக்கும் உள்ள உறவும் பழையதே. 1956ஆம் ஆண்டில் புனா வட்டாரத்தில் சுமார் 150 சிற்றூர்களில், யுனெஸ்கோவின் துணையுடன், 'பண்ணை வானொலி மன்றம்' என்ற சோதனையை அகில இந்திய வானொலி நடத்திற்று. ஊரார் குழுவாகக் கூடி நிகழ்ச்சியைக் கேட்பர், கேட்டதை விவாதிப்பர், எழும் ஐயங்களை நிலையத்திற்கு எழுதி அனுப்புவர். இம்முறை வெற்றி கண்டதால் 1959 முதல் நாட்டின் பிற பகுதிகளுக்கும் பரவிற்று. தஞ்சை மாவட்டத்திலோ, 1960களில் ஆடுதுறை 27 என்னும் நெல் ரகத்தைத் திருச்சி வானொலியின் வாயிலாக அறிந்து பயிரிட்ட விவசாயிகள், அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு நெல்லுக்கே வானொலியின் பெயர் சூட்டும் அளவிற்கு மக்கள் அதை நம்பினார்கள்.

இந்த நம்பிக்கைக்கு ஒரு காரணம் கருவியின் எளிமை. ஒரு குமிழைத் திருகினால் பெட்டி விழிக்கும். மற்றொன்றைத் திருகினால் நிலையம் மாறும். எழுதப் படிக்கத் தெரியாதவரும், கண்பார்வை மங்கியவரும், இருட்டில் தடவிப் பார்த்தே அதை இயக்கினார்கள்.

புதிய பெட்டி ஏன் வேண்டியதாயிற்று?

அப்படியாயின் பழைய பெட்டியே போதாதா என்று கேட்கலாம். பேரிகையின் நிலையை அறிந்தவர் அவ்வாறு கேட்கமாட்டார். ஓசூரிலிருந்து பாகலூர் வழியாகச் செல்லும் சாலையில், கர்நாடக எல்லையை ஒட்டி அமைந்த ஊர் இது. ஆந்திர எல்லையும் அதிகத் தொலைவிலில்லை. ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒரே வீட்டில் மூன்றும் வழங்குவதும் உண்டு. இவ்வட்டாரத்தில் பெங்களூர்ப் பண்பலை நிலையங்கள் எளிதில் கிட்டுகின்றன. தருமபுரி வானொலியோ மேடு பள்ளங்களைக் கடந்து எல்லா வீட்டிற்கும் ஒரே தெளிவுடன் வந்து சேர்வதில்லை. மத்திய அலை ஒலிபரப்பைத் தேடினால், வீடெங்கும் பெருகிவிட்ட எல்.இ.டி. விளக்குகளும் கைப்பேசி மின்னேற்றிகளும் எழுப்பும் இரைச்சல் அதை மறைத்துவிடுகிறது.

இணைய வானொலிக்கு மலையும் இல்லை; எல்லையும் இல்லை. சென்னை, திருநெல்வேலி நிலையங்களும், திருப்பதியின் தெலுங்கும், பெங்களூரின் கன்னடமும், சிங்கப்பூரின் ஒலி 96.8உம், மலேசியாவின் மின்னல் எஃப்.எம்.உம் ஒரே பெட்டியில் கேட்கும். பிரசார் பாரதியின் 'நியூஸ் ஆன் ஏர்' செயலி மட்டுமே ஆகாசவாணியின் இருநூற்றுக்கும் மேற்பட்ட ஒலிபரப்புகளை இணையத்தில் தருகிறது. மும்மொழி வழங்கும் எல்லையூருக்கு இதைவிடப் பொருத்தமான சாதனம் வேறில்லை என்றே முதலில் தோன்றும். அந்த மகனும் அவ்வாறு எண்ணித்தான் தந்தைக்கு அதை வாங்கித் தந்தார்.

கையும் கண்ணும் படும் பாடு

இனிப் பெட்டியின் அமைப்பைப் பார்ப்போம். நான் கூறும் குறைகள் ஒரு நிறுவனத்தின் பெட்டிக்கு மட்டும் உரியன அல்ல. இவ்வகைப் பெட்டிகள் பலவற்றிலும் காணக்கூடியவை.

முதலாவது, குமிழ். பழைய பெட்டியில் ஒரு குமிழுக்கு ஒரு வேலை. இதிலோ ஒரே குமிழ் ஒலியைக் கூட்டவும், பட்டியலில் மேலும் கீழும் செல்லவும், அழுத்தினால் தேர்ந்தெடுக்கவும் பயன்படுகிறது. ஒலியைக் குறைக்கப் போனவர் தம்மையறியாமல் அழுத்திவிட்டால் நிலையமே மாறிவிடுகிறது.

இரண்டாவது, நினைவுப் பொத்தான்கள். விருப்பமான நிலையங்களைச் சேமித்து வைக்க ஐந்தாறு பொத்தான்கள் உள்ளன. சற்றே தொட்டால் சேமித்த நிலையம் வரும்; சில விநாடி அழுத்திப் பிடித்தாலோ, அப்போது பாடிக்கொண்டிருக்கும் நிலையம் அந்தப் பொத்தானில் பதிவாகி, பழையது அழிந்துவிடும். முதியவரின் விரல் மெதுவாகத்தான் எழும். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன விரலுக்கு, தொடுதலுக்கும் அழுத்துதலுக்கும் உள்ள வேறுபாடு எளிதில் புலப்படாது. அந்தப் பெரியவர் வீட்டில் நான் பார்த்தபோது ஐந்து பொத்தான்களிலும் ஒரே நிலையத்தின் பெயர் பதிந்திருந்தது. மகன் சேமித்துக் கொடுத்த ஐந்தையும் அவர் விரலே அழித்திருக்கிறது. அவர் தம்மை நொந்துகொண்டதன் தொடக்கம் இதுதான். ஆனால் மெதுவாக எழும் விரலையுடையோருக்கென்று விற்கும் பெட்டியில், சேமிப்பதற்கும் அழிப்பதற்கும் ஒரே பொத்தானை வைத்தவரல்லவா நொந்துகொள்ள வேண்டும்?

மூன்றாவது, கடவுச்சொல். வீட்டு வைஃபையுடன் பெட்டியை இணைக்க, ஒவ்வோர் எழுத்தாகக் குமிழைச் சுழற்றித் தேர்ந்தெடுக்க வேண்டும். பன்னிரண்டு எழுத்துள்ள சொல்லில் ஒன்று பிழைத்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மேலும், பல பெட்டிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே ஏற்கும். ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் இயங்கினால், கடவுச்சொல் சரியாக இருந்தும் பெட்டி இணையாது. ஏன் இணையவில்லை என்று சொல்லவும் சொல்லாது.

நான்காவது, எழுத்து. சிறு திரையில் ஆங்கில எழுத்துகள் மட்டுமே தெரிகின்றன. நிலையம் தன் பெயரைத் தமிழில் அனுப்பினால், பல பெட்டிகளில் அது வெறும் கேள்விக்குறிகளாகவும் கட்டங்களாகவும் தோன்றுகிறது. 'உள்ளூர் நிலையங்கள்' என்ற தலைப்பிலும் ஒரு விநோதம் உண்டு. இணையச் சேவையின் முகவரியைக் கொண்டே பெட்டி ஊரைக் கணிக்கிறது. அந்த முகவரி பெங்களூரைக் காட்டினால், பேரிகை வீட்டின் உள்ளூர்ப் பட்டியலில் பெங்களூர் நிலையங்களே வரிசையாக நிற்கும்.

ஐந்தாவது, நேரம். இணைய ஒலி சிறிது சேமித்து வைத்தே ஒலிக்கப்படுவதால், பல விநாடிகள், சில வேளை அரை நிமிடம் வரையும் பின்தங்கி வருகிறது. இது பெருங்குறையன்று. ஆனால் வானொலியின் நேரக் குறிப்பொலியைக் கொண்டு கடிகாரத்தைத் திருத்தும் பழக்கமுள்ள வீட்டில், கடிகாரமும் பின்தங்கிவிடும்.

நெசவாளர் வீட்டில் இக்குறைகள் இன்னும் கூர்மையாகும். குழித்தறியில் அமர்ந்தவரின் கால்கள் மிதியில் இருக்கும். ஒரு கை கயிற்றை இழுக்கும். மறுகை பலகையைத் தள்ளும். பாட்டு நடுவில் நின்று, திரையில் ஒரு கேள்வி எழுந்தால், அவர் வேலையை நிறுத்தித் தறிக்குழியிலிருந்து எழுந்து வர வேண்டும். கைப்பேசியைக் கொண்டு இயக்கலாமே என்பர். எண்ணெயும் சாயமும் மண்ணும் படிந்த கைக்குக் கைப்பேசி உகந்ததன்று. வேலை செய்யும் கை, வேலையை விடாமலே கேட்பதற்கு உதவியதால்தான் வானொலி நம் வீடுகளில் இடம்பெற்றது.

நடுவே ஒரு தரகர்

இவையெல்லாம் பழக்கத்தால் ஓரளவு தாங்கக்கூடிய குறைகள். தாங்க முடியாத குறை ஒன்று பெட்டிக்கு வெளியே இருக்கிறது.

ஒரு காலை அந்தப் பெரியவர் வழக்கம்போல் பெட்டியைத் திறந்தார். திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது, ஒலி வரவில்லை. அன்று முதல் எந்த நிலையமும் வரவில்லை. முந்திய இரவு தாம் எதையோ அழுத்தியதன் விளைவென்று அவர் எண்ணிக்கொண்டார். மகனிடம் சொல்லவும் கூசினார். நான் விசாரித்து அறிந்தது வேறு. அந்தப் பெட்டிக்கு நிலையப் பட்டியலை வழங்கிவந்த சேவை நிறுத்தப்பட்டிருந்தது.

இதன் காரணத்தை விளக்குகிறேன். பழைய வானொலி, வானத்தில் வரும் அலையை நேரே பற்றுகிறது. நிலையத்திற்கும் பெட்டிக்கும் இடையே எவருமில்லை. இணைய வானொலிப் பெட்டிக்கோ பெரும்பாலும் நிலையத்தின் முகவரி தெரியாது. ஒவ்வொரு முறையும் அது எங்கோ உள்ள ஒரு நிறுவனத்தின் கணினியிடம், "சென்னை நிலையம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டே செல்கிறது. அந்தக் கணினி பதில் தராவிட்டால், நிலையமும் நலமாக இருந்து, பெட்டியும் நலமாக இருந்து, இணையமும் ஓடிக்கொண்டிருந்தாலும் ஒலி வராது. விளைவித்தவருக்கும் வாங்குபவருக்கும் இடையே நின்ற தரகரை விலக்குவதற்காகச் சங்கம் கண்டவர்கள் நாம். இந்தப் பெட்டியை வாங்கும்போது, கேட்பவருக்கும் பாடுபவருக்கும் இடையே ஒரு தரகரை நாமே காசு கொடுத்து அமர்த்துகிறோம்.

இது ஒரு வீட்டில் நேர்ந்த தற்செயல் அன்று. 2000ஆம் ஆண்டில் கெர்பாங்கோ என்ற இணைய வானொலியை உருவாக்கிய நிறுவனத்தை அமெரிக்காவின் திரீகாம் நிறுவனம் 8 கோடி டாலருக்கு வாங்கி, மறு ஆண்டே அந்த முயற்சியைக் கைவிட்டது. 2019இல் பல நிறுவனப் பெட்டிகளுக்கு ஆதாரமாயிருந்த பட்டியல் சேவை வேறொன்றுக்கு மாற்றப்பட்டபோது, கேட்போர் சேமித்து வைத்த நிலையங்கள் மறைந்தன. 2021இல் ரெசிவா என்ற பட்டியல் சேவை மூடப்பட்டு, அதை நம்பியிருந்த பழைய பெட்டிகள் பயனிழந்தன. 2023இல் பி.பி.சி. தன் ஒலியை அனுப்பும் முறையை மாற்றியதால், பழைய இணைய வானொலிகள் பலவற்றில் அந்நிலையங்கள் நின்றன. 2024இல் லாஜிடெக் நிறுவனம் தன் ஸ்க்வீஸ்பாக்ஸ் பெட்டிகளுக்கான இணையச் சேவையை மூடிற்று.

பழைய வானொலி உலகிலும் நிலையங்கள் நின்றதுண்டு. 1941இல் தொடங்கிய பி.பி.சி. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரலில் முடிவுற்றது. அதைக் கேட்டுவந்தோர் வருந்தினார்கள். ஆயினும் அவர்களுடைய பெட்டி அன்றே ஊமையாகிவிடவில்லை. குமிழைத் திருப்பினால் வேறொரு நிலையம் வந்தது. ஒரு நிலையம் நிற்பது வேறு. எல்லா நிலையங்களையும் பூட்டும் சாவி ஒருவர் கையில் இருப்பது வேறு.

மின்சாரமும் மழையும்

மின்தடை வேறொரு சோதனை. பல இணைய வானொலிகள் மின்சாரத்தில் மட்டும் இயங்குவன. பெட்டியில் மின்கலம் இருந்தாலும், ரூட்டர் அணைந்தால் பெட்டியும் அடங்கிவிடும். மின்சாரம் திரும்பிய பிறகும், ரூட்டர் எழுந்து, பெட்டி எழுந்து, பட்டியலைக் கேட்டு, ஒலி வருவதற்குள் சில நிமிடங்கள் கழிந்துவிடும். சில பெட்டிகள் திரும்ப எழுந்ததும் பழைய நிலையத்திற்குச் செல்லாமல், எவரேனும் வந்து பொத்தானை அழுத்தட்டும் என்று காத்திருக்கும்.

2024 டிசம்பர் முதல் நாளில், ஃபெஞ்சல் புயலைத் தொடர்ந்து, நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை பதிவானது. அத்தகைய இரவில் வேண்டியது சிங்கப்பூர்ப் பாட்டன்று, எச்சரிக்கைச் செய்தி. மின்சாரமும் ரூட்டரும் கைப்பேசிக் கோபுரமும் ஒருங்கே இயங்கினால்தான் பேசும் பெட்டியை அந்த இரவில் நம்ப முடியாது. சாதாரண மின்கலத்தில் ஓடும் சிறு வானொலி ஒன்றேனும் ஒவ்வொரு வீட்டிலும் இருத்தல் அவசியம்.

செலவையும் கணக்கிட வேண்டும். விநாடிக்கு 64 கிலோபிட் வேகத்தில் ஒலி வந்தால் ஒரு மணி நேரத்திற்கு சுமார் 29 மெகாபைட் செலவாகும். நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் கேட்டால், மாதத்திற்கு 9 கிகாபைட்டுக்குச் சற்றுக் குறைவு. 128 கிலோபிட் என்றால் அதன் இரு மடங்கு. கம்பி வழி இணையமுள்ள வீட்டிற்கு இது பொருட்டன்று. கைப்பேசி இணையத்தைப் பகிர்ந்து பயன்படுத்தும் கொட்டகைக்கு இது கணக்கில் எழுத வேண்டிய செலவே.

மக்கள் எதை விரும்புகிறார்கள் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. 2017இல் சாரேகாமா நிறுவனம் கார்வான் என்ற பெட்டியை வெளியிட்டது. பழைய டிரான்ஸிஸ்டர் போன்ற தோற்றம், உள்ளேயே பதிவு செய்த 5,000 பாடல்கள், இணையம் வேண்டியதில்லை. முதியோர் பலர் அதை விரும்பி ஏற்றார்கள். புதுமையை முதியோர் வெறுப்பதில்லை. தம்மைச் சிறுமைப்படுத்தும் கருவியையே வெறுக்கிறார்கள்.

வாங்குமுன் ஆறு சோதனைகள்

ஆகவே, வீட்டிற்கோ சங்கத்திற்கோ இணைய வானொலி வாங்க விரும்புவோர், கடையிலேயே பின்வரும் சோதனைகளைச் செய்து பார்க்குமாறு வேண்டுகிறேன்.

ஒன்று: நிலையத்தின் இணைய முகவரியை நாமே பதிந்து வைக்க இயலுமா என்று கேளுங்கள். அம்முகவரி பெட்டிக்குள்ளேயே தங்குகிறதா, நிறுவனத்தின் கணினியில் தங்குகிறதா என்பதையும் கேளுங்கள். பெட்டிக்குள் தங்கினால் சாவியில் ஒரு பாதி நம் கையில் இருக்கிறது.

இரண்டு: இணையமின்றியும் பண்பலை கேட்குமா என்று பாருங்கள். கேட்குமாயின், சேவை நின்றாலும் பெட்டி ஊமையாகாது.

மூன்று: பாடிக்கொண்டிருக்கும்போதே மின்இணைப்பைப் பிடுங்கி, மீண்டும் செருகுங்கள். எவரும் தொடாமலே பழைய நிலையத்திற்கு வந்து சேர்கிறதா?

நான்கு: கண்ணை மூடிக்கொண்டு ஒலியைக் குறைக்கவும், நிலையத்தை மாற்றவும் முயலுங்கள். நினைவுப் பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள். சேமித்தது அழிகிறதா?

ஐந்து: கைப்பேசியை அப்பால் வைத்துவிட்டு, அதன் துணையின்றிப் பெட்டியை முழுவதும் இயக்கிப் பாருங்கள்.

ஆறு: வேறு கருவியின் ஒலியைக் கம்பி வழியாக ஏற்கும் துளை உண்டா என்று பாருங்கள். எல்லாம் நின்றாலும், பெட்டி ஒரு நல்ல ஒலிபெருக்கியாகவேனும் பயன்படும்.

விற்பவர் இச்சோதனைகளுக்கு இடம் தராவிட்டால், அதுவே போதிய விடையாகும்.

பெரியவரின் நோட்டுப் புத்தகம்

அடுத்த கூட்டத்தில் இவற்றையெல்லாம் குழுவின் முன் வைத்தேன். ஆறு பெட்டிகளை ஒருங்கே வாங்காமல், ஒன்றை மட்டும் வாங்கி ஒரு மாதம் சோதிப்பதென்று முடிவாயிற்று. சோதிப்பவர் யார் என்ற கேள்வி எழுந்தபோது, செயலாளர் அந்தப் பெரியவரின் பெயரை முன்மொழிந்தார். "கெடுத்தவனிடமே கொடுக்கிறீர்களே" என்று அவர் தயங்கினார். "கெட்டது உங்களால் அன்று என்று ஐயா விளக்கிவிட்டாரே" என்றார் செயலாளர்.

ஒரு மாதமும் அவர் நாள்தோறும் சங்கத்திற்கு வந்தார். மின்சாரம் போன நேரம், பெட்டி திரும்பப் பேசிய நேரம், தானாக நின்ற நேரம் எல்லாவற்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தார். பின்பக்கத்தில், ஒவ்வொரு நிலையத்தின் இணைய முகவரியையும் இளைஞர் ஒருவரின் உதவியுடன் எழுதிச் சேர்த்தார். பட்டியல் தரும் நிறுவனம் நாளை கடையை மூடினாலும், அந்த முகவரிகள் செல்லும் வரையில் நம் பெட்டி பேசும். வானொலிப் பட்டியலும் நம் அங்கத்தினர் பதிவேட்டைப் போலச் சங்கத்தின் அலமாரியிலேயே இருக்கிறது.

மாத இறுதியில் அவர் குழுவிடம் சொன்னது சுருக்கமானது. அலுவலகத்திற்கு இந்தப் பெட்டி போதும்; மின்சாரமும் இணையமும் உறுதியில்லாத கொட்டகைகளுக்கு இப்போது வேண்டாம். குழு அதை அப்படியே ஏற்றது. எஞ்சிய தொகை நிதியிலேயே இருக்கிறது.

வீட்டிலிருந்த பழைய பெட்டியும் வீணாகவில்லை. அதன் பின்புறத் துளையில் ஒரு கம்பியைச் செருகி, கைப்பேசியின் ஒலியைப் பாய்ச்சி, இப்போது அவர் காலைச் செய்தி கேட்கிறார். அந்தக் கம்பியைப் பற்றவைத்தவரும் அவர்தாம். சென்ற முறை நான் போயிருந்தபோது, அதை எனக்குக் காட்டிவிட்டு, "ஐயா, கை இன்னும் கெட்டுவிடவில்லை" என்றார்.